பேய் டியூன்

கலிபோர்னியாவுக்கே வந்துவிடுகிறோம் என்று அம்மா சொன்னபோது, லைல் மாமா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி எங்களைப் பற்றியது அல்ல.

“அந்தக் காரையும் கொண்டு வரப்போறியாக்கா?”

“அது இல்லாம நான் எங்கடா வருவேன்?”

“அப்போ கழட்டின கம்பெனி சாமான் எல்லாம் இருக்கான்னு பாரு. ஒரு போல்ட்டு விடாம. உங்க கிங்மன் ஊரு மாதிரி கிடையாது இங்க. புகைச் சோதனைன்னு பானட்டைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாப்பானுங்க.”

எல்லாம் இருந்தன. ஜாரெட் அண்ணன் எதையும் தூக்கி எறிந்தவன் இல்லை. காரை மாற்றுகிற பையன்கள் யாருமே எறியமாட்டார்கள். கம்பெனி கொடுத்த புகைக்குழாய், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் இரண்டு, காற்று வடிகட்டிப் பெட்டி, எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, கராஜின் பின்சுவரோரம் அடுக்கி வைத்திருந்தான். கழற்றிய நட்டுகளைக் காபி டப்பாக்களில் போட்டிருந்தான். அரிசோனாவில் எங்கள் ஊர்ப் பக்கம் புகைச் சோதனை என்று ஒன்று கிடையாது. நெஞ்சு அதிர ஓட்டிக்கொண்டு போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

டப்பாவில் அடைத்து வைக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காரின் சத்தம்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது அது மற்ற கார்களைப் போல ஒரே சீராக ஓடாது. தும்... தும்தும்... தும் என்று தடுமாறும். நின்றுவிடப் போகிறது என்று நினைக்கும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். பந்தயக் கார்களுக்கு அந்தச் சத்தம் எஞ்சினின் உள்ளே பெரிய பாகம் மாற்றியதால் வரும். எங்கள் காரில் அப்படி எதுவும் மாற்றவில்லை. கம்ப்யூட்டரில் சில எண்களை மாற்றி, இல்லாத பாகம் இருப்பதுபோல எஞ்சினை நடிக்க வைப்பது அது. பேய் டியூன் என்பார்கள்.

அண்ணன் போட்டது என்று தெருவே நம்பியது. அம்மாவும் நம்பினாள். போட்டது நான்.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். யாருடனும் பேச வராது. எண்களோடு உட்காரச் சொன்னால் நாள் முழுக்க உட்காருவேன். அண்ணனுக்குப் பானா பிடித்து நட்டு முடுக்கத் தெரியும், பொறுமை கிடையாது. பழைய லேப்டாப் ஒன்றும் ஒரு கேபிளும் வாங்கி வந்து என் மடியில் போட்டான். மூன்று வாரத்தில் சத்தம் வந்துவிட்டது. அவனுடைய கூட்டாளிகள் வந்து சுற்றி நின்று, “டேய், எப்படிடா பண்ணின?” என்று கேட்டார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தான். நான் திரைக்குப் பின்னால் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. “அப்படியே வந்துச்சுடா” என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

சீராக ஓடும் எஞ்சின், கார் நிற்கும்போது நிமிடத்துக்கு எழுநூறு சுற்று சுற்றும். நான் முதலில் அறுநூறு வைத்திருந்தேன். அண்ணன் இன்னும் இறக்கச் சொன்னான். ஐந்நூற்று இருபதுக்குக் கொண்டுவந்தேன். ஜூன் மாதம் ஒருநாள், காருக்குள் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றான். கேபிளைச் செருகிப் பார்த்தேன். நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம் மிகக் குறைவு என்று கார் சொல்லியிருந்தது. வேகத்தை ஏற்றியிருக்க வேண்டும். நான் விளக்கு எரியாதபடி செய்துவிட்டேன்.

ஆகஸ்ட்டில், நூற்றுப் பதினொரு டிகிரி வெயிலில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைச் சந்திப்பில் கார் நின்றுபோனது. மறுபடி கிளம்பவில்லை. அண்ணன் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினான். குதிரை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து வந்த பிக்கப் டிரக் ஒன்று, சாயங்கால வெயில் கண்ணில் அடித்ததால் அவனைப் பார்க்கவில்லை. அவனை இடித்துவிட்டு, காரைத் தொடாமல், ஓரத்து மண்ணில் போய் நின்றது. காரில் ஒரு கீறல் கிடையாது.

சூட்டில் நின்றிருக்கும் என்று போலீஸ்காரர் சொன்னார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அண்ணனை அடக்கம் செய்த பிறகு அம்மா தினமும் காலை ஐந்து நாற்பதுக்குக் காரை முடுக்குவாள். அண்ணன் வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. இரவு உடையோடு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவாள். இருக்கை அண்ணன் வைத்திருந்த தூரத்திலேயே இருக்கும். அம்மாவின் கால் பெடலுக்கு எட்டாது. எட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு வந்து காபி போடுவாள். சமையலறை அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து நடுங்கும். நான் படுக்கையில் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, என் எண்களை எண்ணுவேன். ஐந்நூற்று இருபது. ஐந்நூற்று இருபது.

மார்ச்சில் லைல் மாமா டிரெய்லர் கொண்டுவந்து காரை ஏற்றிப் போனார். அம்மாவின் பழைய வேன் வழியில் பார்ஸ்டோவில் புகைந்து உட்கார்ந்துவிட்டது. அதை அங்கேயே விற்றோம். பேக்கர்ஸ்ஃபீல்டில் மாமா வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. அம்மாவுக்குக் காரட் கம்பெனியில் அலுவலக வேலை. ஊருக்கு மேற்கே நாற்பது நிமிடம் போக வேண்டும். அங்கே பஸ் போகாது.

“அப்போ இந்தக் காருதான்” என்றாள் அம்மா. “இதுலதான் போகப்போறேன்.”

மாமாவும் நானும் இரண்டு நாள் காருக்கு அடியில் கிடந்தோம். மாமா என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்.

“வாயாடி, பதினைஞ்சாம் நம்பர் பானா. ஏய், இது பதினாலு. பேசத்தான் வராது, எண்ணவும் வராதா?”

நான் பதினைந்தை நீட்டினேன்.

“இந்த ஊர்ல எல்லாரும் இதான் பண்றானுங்க” என்றார், கண்ணில் துரு விழ விழ. “சோதனைக்கு முந்தின நாள் கம்பெனி சாமானைப் பூட்டுவான். பாஸ் ஆயிருவான். மறுநாள் பழையபடி மாட்டிருவான். ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல. எல்லாரும் ரெண்டு வருஷத்துக்கு ஒருநாள் நல்லவனுங்க.”

குழாய்கள் ஏறின. டியூன் மிஞ்சியது.

“அது எனக்கு ஆகாது” என்றார் மாமா. “நான் பானா பிடிக்கிற ஆளு. இவனுங்க இப்போ கம்ப்யூட்டருக்குள்ளயும் பூந்து பாக்குறானுங்க.”

“டெல்லாவுக்குத் தெரியும்” என்றாள் அம்மா. “ஜாரெட் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். இல்லடி?”

ஆமாம் என்று தலையாட்டினேன். கம்பெனி டியூனை ஏற்ற நான்கு நிமிடம் ஆனது.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு எஞ்சின் ஒரு தையல் மெஷின் போலச் சீராக ஓடியது. அரை நிமிடம்தான். அணைந்துவிட்டது. அம்மா உள்ளே வந்தாள். காபி போடவில்லை.

“யாரோ காரு மாதிரி இருக்குடி” என்றாள். “பாஸ் ஆன அன்னிக்கே திரும்பப் போட்டுரு. அந்த ஃபைல் பத்திரமா இருக்கில்ல?”

இருந்தது.

சோதனைக் கடைக்காரர் பெயர் எஃப்ரேன். நெற்றியில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேசுவார். பானட்டுக்குள் டார்ச் அடித்தார், கைப்பிடி வைத்த முகக்கண்ணாடி ஒன்றைக் காருக்கு அடியில் நீட்டிப் பார்த்தார், கேபிளைச் செருகினார். கடைசியில் ஒரு தாளை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“சாமான் எல்லாம் சுத்தமா இருக்கு மேடம். ஆனா கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறுக் குறி பதிஞ்சிருக்கு. நிரந்தரக் குறி.”

“விளக்கு எதுவும் எரியலையே” என்றாள் அம்மா.

“விளக்கு வேற, இது வேற. விளக்கை நீங்க அணைக்கலாம். இந்தக் குறியை என் கருவியாலயும் அழிக்க முடியாது, உங்க கருவியாலயும் முடியாது. கோளாறு நிஜமாவே போச்சுன்னு காருக்கே தோணணும். தோணினா அதுவா அழிச்சுக்கும். அதுவரைக்கும் பாஸ் போட மாட்டேன்.”

“என்ன கோளாறாம்?”

எஃப்ரேன் தாளில் விரலை வைத்தார். “சும்மா நிக்கும்போது ரொம்ப மெதுவா ஓடியிருக்கு. நின்னுபோற அளவுக்கு. எப்பவாவது நின்னுபோச்சா?”

அம்மா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஒருதடவை” என்றாள். பிறகு, “வெயில்ல” என்றாள்.

நான் வெளியே போய் டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றேன்.

குறி அழிய ஒரு முறை இருக்கிறது என்று எஃப்ரேன் எழுதிக் கொடுத்தார். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது முடுக்க வேண்டும். பிறகு நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்து மைல் வேகத்தில், ஏற்றாமல் இறக்காமல், பிரேக் தொடாமல் இருபது நிமிடம். அப்புறம் ஓரமாக நிறுத்தி, அணைக்காமல், ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இப்படி மூன்று நாளாவது.

அம்மா ஓட்டினாள். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துக்கொண்டாள், இருக்கையை முன்னால் இழுக்கவில்லை. நான் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேகத்தைச் சொன்னேன். பாதாம் தோட்டங்களுக்கு நடுவே சாலை நேராகப் போகும். பெரிய லாரிகள் எங்களைத் தாண்டிப் போகும்போது கார் ஒரு பக்கமாக அசையும். முதல் நாள் முடிந்தது. இரண்டாம் நாளும் முடிந்தது. ஓரமாக நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்ட ஐந்து நிமிடமும் அம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தாள், அந்தச் சீரான சத்தம் கேட்கப் பிடிக்காமல்.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது நான் பொய் சொல்லிப் பார்த்தேன்.

“லேப்டாப் சரியில்லம்மா. அந்த ஃபைல் திறக்கல.”

அம்மா முள்கரண்டியை வைத்தாள்.

“அதுக்கென்ன வாயாடி” என்றார் மாமா, வாயில் ரொட்டியோடு. “பக்கத்து ஊரு ஆயில்டேல்ல ஒருத்தன் இருக்கான். அறுபது டாலர். எந்தக் காருக்கும் பேய் டியூன் போட்டுத் தருவான். தும்தும்னு பல்லெல்லாம் ஆடும்.”

“ஜாரெட்டோடது மாதிரியே வருமா?” என்று அம்மா கேட்டாள்.

“இன்னும் தடுமாற வெச்சுத் தருவான்க்கா.”

“அப்போ அவன்கிட்டயே போறேன்.”

அன்றைக்கு நான் தூங்கவில்லை. நாற்பது நிமிடம் போக, நாற்பது நிமிடம் வர, கோடை முழுக்க ஏசியோடு, அந்தச் சாலையில். எஞ்சின் வேகத்தை ஐம்பது சுற்று கூட்டி வைத்தால் நின்றுபோகாது, ஆனால் தடுமாற்றமும் குறைந்துவிடும், அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஏழு மாதமாகத் தினமும் ஐந்து நிமிடம் அதைத் தவிர வேறெதையும் அவள் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் பதினோராவது நிமிடத்தில் சொன்னேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அம்மா, அந்த டியூன் அண்ணன் போட்டதில்ல. நான் போட்டேன்.”

“ஐம்பத்தஞ்சு இருக்கா?”

“இருக்கும்மா. நான்தான் போட்டேன். வேகத்தை ரொம்ப இறக்கிட்டேன். அதனாலதான் அன்னிக்கு நின்னுபோச்சு. அந்தத் தாள்ல இருந்த குறி அதுதான். ஜூன்லயே காரு சொல்லிச்சு. நான் விளக்கை அணைச்சுட்டேன்.”

வேகமானி முள் ஐம்பத்தைந்திலேயே இருந்தது. ஒரு முழு நிமிடம் அசையாமல் இருந்தது. பிறகு அறுபது. அறுபத்தைந்து. எழுபத்திரண்டு. நான் இரண்டு கையாலும் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போன லாரியின் பின்பக்கத்து எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. சட்டென்று அம்மா காலை எடுத்தாள். கார் தானாகவே மெதுவாகி, ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது.

எஞ்சினை அணைக்காமல் இறங்கினாள்.

தோட்டத்தின் பக்கம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. காரைச் சுற்றிப் பின்னால் போனாள். கண்ணாடியில் பார்த்தேன். சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் டிக்கியின் மேல் ஊன்றி நின்றாள். தள்ளுவதுபோல. தள்ளவில்லை. ஒரு லாரி போனது. அம்மாவின் தலைமுடி முழுக்க முகத்தின் மேல் விழுந்தது. இன்னொன்று போனது. கார் அசைந்தது, அம்மா அசையவில்லை.

“அம்மா!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கதவைத் திறந்தேன். கால் இறங்கவில்லை. “அம்மா, வந்துரும்மா! அங்க நிக்காதம்மா!”

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எழுநூறு. எழுநூறு. எத்தனை நிமிடம் என்று தெரியாது.

கடைசியில் வந்தாள். என் பக்கத்துக் கதவருகே நின்றாள். உள்ளங்கைகள் இரண்டிலும் தூசி.

“தள்ளி உக்காரு. நீ ஓட்டு.”

அந்தக் காரை நான் ஓட்டியதே இல்லை. நடுவிலிருந்த கியரைத் தாண்டி நகர்ந்தேன். என் காலும் பெடலுக்கு எட்டவில்லை. குனிந்து நெம்புகோலைத் தேடி இருக்கையை முன்னால் இழுத்தேன். கரகரவென்று சத்தம் கேட்டது. அம்மா அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முள்ளை ஐம்பத்தைந்தில் நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு அம்மா கேட்டாள். “அவன் இறக்கச் சொன்னானா, நீயா இறக்கினியா?”

“சொன்னான்.”

“என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு.”

“‘இன்னும் கொஞ்சம் இறக்கு குட்டி, செத்துப்போற மாதிரி இருக்கணும், ஆனா சாகக் கூடாது’ன்னான்.”

அம்மா மூச்சை இழுத்தாள். “நீ?”

“நின்னுபோயிரும்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“‘நின்னா என்ன, திரும்ப ஸ்டார்ட் பண்ணுவேன். கை என்ன வாடகைக்கா விட்டிருக்கேன்’னு சொன்னான்.”

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று நினைத்துத் திரும்பினேன். சிரிப்பு இல்லை.

“அப்போ என்ன சாப்ட்டுட்டு இருந்தான்?”

“சோளச் சிப்ஸ். என் கீபோர்டு மேல எல்லாம் தூளு.”

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள். “மொதல்லருந்து.”

சொன்னேன். வீடு வந்து சேரும்வரை நான்கு தடவை சொன்னேன். நான்காவது தடவை ஒரு வார்த்தையை மாற்றிவிட்டேன், “அப்படி இல்ல” என்று அம்மா திருத்தினாள்.

என்னை மன்னித்ததாகவோ மன்னிக்கவில்லை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு நான் விழித்தபடி படுத்திருந்தேன். எஞ்சின் சத்தம் வரவில்லை. ஆறு மணி ஆனது, ஆறரை ஆனது. வராத சத்தம் வந்த சத்தத்தைவிட மோசமாக இருந்தது. எட்டு மணிக்கு அறை வாசலில் நின்று, “லேப்டாப்பை எடு, பாக்கலாம்” என்றாள்.

கேபிளைச் செருகினேன். குறி இருந்த இடம் காலியாக இருந்தது. திரையைத் திருப்பிக் காட்டினேன். அம்மா அந்தக் காலியிடத்தைத் தாளைப் படித்ததுபோலவே நீண்டநேரம் படித்தாள்.

“காருக்குத் தோணிருச்சாமா?” என்றாள்.

எஃப்ரேன் பாஸ் போட்டார். தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். மாமாவும் கூட வந்திருந்தார், சோடா மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எஃப்ரேன் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சிரித்தார்.

“நான் எதையும் பாக்கல மேடம், எதையும் கேக்கல. ஆனா இந்தக் காரு முன்னாடி இப்படி ஓடலன்னு எனக்குத் தெரியும். நல்ல கைவேலை பண்ணின காரு, பாத்தாலே சொல்லலாம். வீட்டுக்குப் போய்த் திரும்பப் போட்ருவீங்க, அதான?”

“இல்ல” என்றாள் அம்மா.

“ஏன்? போட்டுக் குடுத்தவங்க இப்போ இல்லையா?”

சோடா டப்பா மெஷினுக்குள் தொப்பென்று விழுந்தது. மாமா திரும்பிப் பார்த்தார். அம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

“இருக்கா” என்றாள். “இதோ நிக்கிறா.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எஃப்ரேன் மெச்சுகிற மாதிரி புருவத்தை உயர்த்தினார், அவருக்கு எதுவும் தெரியாது. மாமா டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். இனி அவர் என்னை வாயாடி என்று கூப்பிடமாட்டார் என்று அப்போதே தெரிந்தது.

அம்மா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். காரில் ஏறி எஞ்சினை முடுக்கினாள். என் பக்கத்துக் கதவைத் திறந்துவிடவில்லை. கிளம்பவும் இல்லை. நேரே முன்னால் பார்த்தபடி, நான் வந்து ஏறுகிறேனா என்று காத்திருந்தாள்.